‘போல’ வந்தால் உவமையா?

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும்போது ஒரு தவறு ஆண்டுதோறும் கண்ணில் படும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும் இடத்தில் வரும் சிலப்பதிகார அடிகள்: ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’. இதில் பயின்று வந்துள்ள அணி எது என்ற கேள்விக்குப் பல பிள்ளைகள் உவமை அணி என்று எழுதிவிடுவார்கள். கேட்டால், “போல் வந்திருக்கே ஐயா” என்பார்கள்.

குற்றம் பிள்ளைகளிடம் இல்லை. போல, புரைய, ஒப்ப, உறழ என்று உவம உருபுகளை மனப்பாடம் செய்யவைத்து, உருபைத் தேடு என்று பழக்கியது நாங்கள்தான்.

மதில்மேல் கொடி காற்றில் ஆடுவது இயல்பு. அந்த ஆட்டத்தில் ‘வராதே’ என்ற தன் குறிப்பை இளங்கோ ஏற்றிவிடுகிறார். அதனால்தான் அது தற்குறிப்பேற்றம். அங்கே இருப்பது காற்றும் துணியும் மட்டுமே. ஆனால் கோவலன் சாகப்போவது நமக்குத் தெரியுமே, கொடி அசையும்போது நம் வயிறு கலங்குகிறது. பயத்தைக் கொண்டுவந்து போடுவது நாம்தான்.

‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்’ என்ற குறளையும் பாருங்கள். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும், அவ்வளவுதான். வலியறிதல் என்ற அதிகாரத்தில் இருந்தும் அரசன், பகைவர் என்ற பேச்சே குறளில் இல்லை. எளிய பகைவரும் பலராகச் சேர்ந்தால் வலியவனையும் வீழ்த்துவார்கள் என்ற பொருளை நாமே கண்டுகொள்கிறோம். ஒன்றைச் சொல்லி, சொல்லாத இன்னொன்றை உணரவைக்கும் பிறிது மொழிதல் அணியின் பலம் இது. அடுத்தவர் சொன்னதை மறுக்கலாம். நாமே கண்டுபிடித்ததை யார் மறுப்பது?

இந்த இடத்தில்தான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டுத் துண்டறிக்கையைக் கையில் எடுக்கிறேன். விளம்பரம் எழுதுபவர்களுக்கும் இந்த வித்தை நன்றாகத் தெரியும். ஒரு மாணவி தன் வீட்டுக்கு வந்த டியூஷன் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் இருந்தது: ‘சென்ற ஆண்டு எங்கள் மாணவர்கள் 12 பேர் 450-க்கு மேல். உங்கள் பிள்ளை?’ அதற்குக் கீழே ‘சில இடங்களே உள்ளன’.

‘உங்கள் பிள்ளை?’ என்பது ஒரு வாக்கியமே இல்லை. பயனிலை கிடையாது. ‘பின்தங்கிவிடுவானோ’ என்று அம்மா தன் மனசுக்குள் அதை முடித்துக்கொள்வாள். நோட்டீஸ் அடித்தவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. ‘சில இடங்களே’ என்பது யோசிக்க நேரம் தராமல் விரட்டுகிற வேலை. துணிக்கடையின் ‘50% வரை தள்ளுபடி’யும் இந்த இனம்தான். ஒரு புடவைக்கு 5% தந்தாலும் ‘வரை’ காப்பாற்றிவிடும்.

எந்தப் பத்தியைக் கொடுத்தாலும் அணியின் பெயரைக் கடைசியில்தான் கேட்கிறேன். முதல் கேள்வி: “இதில் எழுதாமல் விட்டது எது? அதை யார் நிரப்புகிறார்கள்?” அன்றைக்கு அந்த நோட்டீஸைக் கரும்பலகையில் எழுதிவிட்டு இதையே கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“மொத்தம் எத்தனை பேர் படிச்சாங்கன்னு போடலையே ஐயா.”