பிஸ்டன் இல்லாத கார்: கிரைஸ்லர் டர்பைன்

ஜெட் விமானத்தை இயக்கும் தத்துவத்தில் ஓடும் காரைச் சாதாரணக் குடும்பங்களிடம் கொடுத்துச் சோதிக்க, அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1963இல் துணிந்தது. இத்தாலியின் டூரின் நகரில் கியா (Ghia) என்ற கார் உடற்பகுதி நிறுவனத்தார் கையால் செய்த உடற்பகுதிகள் டெட்ராய்டுக்கு வந்து எஞ்சினைப் பெற்றன. உருவான 55 கார்களில் 50 கார்கள், 1966 தொடக்கம் வரை 203 பேரிடம் முறைவைத்து ஓட்டக் கொடுக்கப்பட்டன.

இந்த எஞ்சினில் பிஸ்டனும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. ஸ்பார்க் பிளக் ஒன்றே ஒன்று. கம்ப்ரசர் உள்ளிழுத்து அழுத்தும் காற்றில் எரிபொருள் தெளிக்கப்பட்டு எரிய, அந்தச் சூடான வாயு இரண்டு டர்பைன் சக்கரங்களை அடுத்தடுத்துச் சுழற்றுகிறது. முதலாவது கம்ப்ரசரை ஓட்டுகிறது. இரண்டாவது, கியர்களின் வழியாகக் காரை நகர்த்துகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு கிடையாது, இடையே பாய்வது வாயு மட்டுமே. ஆகவே சிக்னலில் கார் நிற்கும்போது இரண்டாவது சக்கரம் நின்றாலும் முதலாவது நிமிடத்துக்குச் சுமார் 20,000 முறை சுழன்றுகொண்டிருக்கும். எஞ்சின் அணையாது, கிளட்சும் தேவைப்படாது.

ஆனால் என் பார்வையில் உண்மையான சாதனை, ரீஜெனரேட்டர் எனப்படும் இரண்டு வட்டத் தட்டுகளே. நுண்துளைகள் நிறைந்த இவை மெதுவாகச் சுழலும்போது, வெளியேறும் புகையின் பாதையில் சூடேறிய பகுதி அடுத்து உள்வரும் காற்றின் பாதைக்குத் திரும்பி, வாங்கிய வெப்பத்தை அங்கே விட்டுவிடும். காற்று முன்கூட்டியே சூடாவதால் எரிபொருள் மிச்சமாகிறது, புகையும் குளிர்ந்து வெளியேறுகிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நெரிசலில் பின்னால் நிற்பவரின் பாடு திண்டாட்டம்தான்.

டீசல், மண்ணெண்ணெய் எல்லாவற்றிலும் இது ஓடியது. மெக்சிகோவில் டெக்கீலா மதுவை ஊற்றியும் ஓட்டிக் காட்டினார்கள். அன்றைய அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் சாதாரணமாகக் கிடைத்த, ஈயம் கலந்த பெட்ரோல்தான் டர்பைனில் படிவுகளை உண்டாக்கி அதற்கு ஒவ்வாமல் போயிற்று. முடுக்கியை மிதித்தபின் முதல் டர்பைன் சக்கரம் வேகம் எடுக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆனதும், நகரப் பயணத்தில் எரிபொருள் அதிகம் செலவானதும் ஓட்டியவர்களின் குறைகள்.

சோதனை முடிந்தபின் 46 கார்கள் அழிக்கப்பட்டன, ஒன்பது மட்டும் எஞ்சின. கிரைஸ்லரின் டர்பைன் ஆய்வு மேலும் பல ஆண்டுகள் நீடித்தபோதிலும், 1970களில் கடுமையான புகை விதிகள் புதிய தடையாயின. கார்பன் மோனாக்சைடு இதில் குறைவு. ஆனால் ரீஜெனரேட்டர் முன்கூட்டியே சூடாக்கி அனுப்பிய காற்றால் சுடரின் வெப்பநிலை உயர்ந்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுதலாக உருவாயின.