வாராபந்தி: வாரம் உண்டு, பந்தி இல்லை

பாசனம் பற்றிய அரசு அறிக்கைகளைப் புரட்டினால் 'வாராபந்தி' என்றொரு சொல் தட்டுப்படும். முதல்முறை பார்க்கிறவருக்கு வாராவாரம் நடக்கும் விருந்தோ என்று தோன்றும். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் பஞ்சாப், சிந்து என்று சிந்துச் சமவெளிக் கால்வாய்களில் தண்ணீரைப் பங்கிடும் ஏற்பாட்டுக்கு அதுதான் பெயர்.

முதலில் பின்பாதி. 'பந்தி' இங்கே இலை போடும் பந்தி அல்ல. இலைப் பந்தி வடமொழி 'பங்க்தி'யிலிருந்து வந்தது. வாராபந்தியில் இருப்பது பாரசீகத்தின் 'பந்த்', அதாவது கட்டு. கட்டி நிலைநிறுத்தியது என்று பொருள். தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும், மாநாட்டுக்குப் போடும் போலீஸ் பந்தோபஸ்திலும் இருப்பது இதே 'பந்த்' தான்.

முன்பாதியான 'வாரா' என்றால் முறை, ஆள் மாறி ஆள் வரும் தடவை. வடமொழியில் 'வார' என்பதற்கு முறை என்ற பொருளும் உண்டு, கிழமை என்ற பொருளும் உண்டு. கிழமைகளும் முறை வைத்துத்தானே வருகின்றன. நம் 'வாரம்' அங்கிருந்து வந்ததுதான். ஆகவே வாரம் என்று நினைத்தவர் முழுக்கத் தவறிவிடவில்லை. போதாததற்கு, இந்த ஏற்பாட்டின் ஒரு சுற்றும் பெரும்பாலும் சரியாக ஏழு நாள்!

ஏழு நாள் என்றால் 168 மணி நேரம், 10,080 நிமிடம். கிளைக் கால்வாயிலிருந்து ஒரு திறப்பு வழியாகத் தண்ணீர் ஊர் வாய்க்காலுக்கு வரும். அந்தத் திறப்பை அங்கே 'மோகா' என்பார்கள். அதில் ஏற்றி இறக்கப் பலகை கிடையாது. பாயும் நிலத்தின் பரப்பை வைத்து அதன் அளவை முதலிலேயே முடிவு செய்துவிடுவார்கள். மிச்சமெல்லாம் கடிகாரத்தின் வேலை. ஒரு வாய்க்காலில் 420 ஏக்கர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். (420 என்றதும் வேறு நினைப்பு வேண்டாம், கணக்குக்கு வசதியான எண்.) 10,080-ஐ 420-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 24 நிமிடம், நம் பழைய கணக்கில் ஒரு நாழிகை. ஐந்து ஏக்கர்க்காரருக்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் வாய்க்கால் தண்ணீர் மொத்தமும் அவர் வயலுக்குத்தான். நேரம் முடிந்ததும் அடுத்தவர் தன் மடையை வெட்டிக்கொள்வார்.

தலைமடையில் தொடங்கிக் கடைமடை வரை வரிசை போகும். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் ஊறி நிரம்பிவர நேரமாகுமே, அதை ஒருவர் தலையில் கட்டினால் எப்படி? அதனால் வாய்க்கால் நிரம்பும் நேரத்தைத் தனியாகக் கழித்துக் கொடுப்பார்கள். மேலே அடைத்த பிறகும் வாய்க்காலில் தேங்கி நிற்கும் தண்ணீர் கடைசி ஆளுக்குப் போகும் என்பதால் அவர் நேரத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள். நடுச்சாமத்தில் முறை விழுந்தவர் காலமெல்லாம் கண்விழிக்க வேண்டாம் என்று ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைப் 12 மணி நேரம் தள்ளிப்போடும் வழக்கமும் உண்டு.

இதில் இரண்டு வகை. ஊரார் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வது கச்சா வாராபந்தி. தகராறு முற்றி மனுக் கொடுத்தால், கால்வாய்ச் சட்டத்தின்படி (முன்பு அது 1873-ஆம் ஆண்டு வட இந்தியக் கால்வாய், வடிகால் சட்டத்தின் 68-ஆம் பிரிவு) கால்வாய் அதிகாரி விசாரித்து எழுதிக் கொடுப்பது பக்கா வாராபந்தி. கச்சா எண்ணெய், பக்காவான ஆள் என்று பேசும் நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

சரி, குறையே இல்லையா? உண்டு. பங்கிடுவது நேரத்தைத்தான், தண்ணீரை அல்ல. மண் வாய்க்காலில் வழியெல்லாம் உறிஞ்சியதுபோகக் கடைமடைக்காரரின் ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீர், தலைமடைக்காரரின் ஒரு மணி நேரத்தில் வருவதைவிடக் குறைவு. பந்திக்கு முந்தியவருக்குத்தான் இங்கேயும் யோகம். நிலத்தை வைத்தே பங்கு என்பதால் நிலமில்லாதவருக்கு நாழிகையும் இல்லை.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'முறை' போதும் என்பது என் கட்சி. கூட்டுக் கிணறு வைத்திருக்கும் பங்காளிகள் 'இன்றைக்கு எங்கள் முறை' என்றுதான் சொல்கிறார்கள். 'முறையா இது?' என்று நியாயம் கேட்பதும் அதே சொல்லால்தான். தடவையும் நீதியும் ஒரே சொல்லில் இருப்பது 'வாரா'வுக்கு வாய்க்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. செய்தித்தாளில் 'முறைப்பாசனம்' என்று வந்தால், அணையைச் சில நாள் திறந்து சில நாள் மூடுவதைத்தான் பெரும்பாலும் குறிக்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவதும் முறைதான். ஆனால் அது மண்டலத்தின் முறை. அங்கே 'இத்தனை சுற்று தண்ணீர்' என்பார்கள். வாராபந்தியில் ஒவ்வொரு வயலுக்கும் கிழமையும் மணியும் குறித்திருக்கும். அந்த வேறுபாடு தெரிய 'நேரமுறைப் பாசனம்' எனலாம். கச்சாவைப் பேச்சுமுறை, பக்காவை எழுத்துமுறை என்றால் பொருந்தும். வாய்க்காலிலிருந்து வயலுக்கு வெட்டும் இடத்தை அங்கே 'நக்கா' என்கிறார்கள். அதற்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம், வாய்மடை இருக்கிறது.