மோதிரத்தைக் கழற்றுங்கள், தலைப்பாகை இருக்கட்டும்

கூடைப்பந்து ஆட்டம் தொடங்கும் முன் நடுவராக நான் முதலில் பார்ப்பது வீரர்களின் விரல்களைத்தான். மோதிரம் இருந்தால் கழற்றச் சொல்வேன். "டேப் சுற்றிக்கொள்கிறேன் சார்" என்று கெஞ்சுவார்கள். விடுவதில்லை. எம்பிக் குதித்து இறங்கும்போது மோதிரம் வலையிலோ இரும்பு வளையத்திலோ மாட்டிக்கொண்டால், உடம்பின் மொத்த எடையும் அந்த ஒரு விரலில் தொங்கும். தோலும் சதையும் எலும்பை விட்டு உரிந்துவிடும். விரலையே எடுக்க நேர்ந்தவர்களும் உண்டு. டேப் அதைத் தடுக்காது. கம்மல், சங்கிலி, உலோக ஹேர்கிளிப், வளர்ந்த நகம் எல்லாவற்றுக்கும் இதே கண்டிப்புதான்.

அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 2005இல் கொண்டுவந்த உடை விதி வேறு. அரங்குக்கு வரும்போது என்ன உடுத்தலாம், சட்டைக்கு மேல் சங்கிலி தெரியலாமா என்பதைச் சொன்ன விதி அது. அதன் நட்சத்திர வீரர் ஆலன் ஐவர்சன் வெளிப்படையாகவே எதிர்த்தார். லீக்குக்குத் தன் தோற்றத்தைப் பற்றிய கவலை. நடுவருக்கோ, இது யாரையாவது காயப்படுத்துமா என்ற கவலை மட்டுமே இருக்க வேண்டும்.

அதைக் கேட்காமலே விதியை நீட்டியதன் விளைவை 2014இல் பார்த்தோம். பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, நெற்றிப்பட்டை தவிர தலையில் எதையும் அணியக்கூடாது என்றிருந்தது. சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் அம்ரித்பால் சிங், அம்ஜ்யோத் சிங் இருவரும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு இந்தியாவுக்காக ஆட நேர்ந்தது. சில வாரங்களில், இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹிஜாபைக் கழற்ற மறுத்த கத்தார் மகளிர் அணி மங்கோலியாவுடன் ஆடாமலே வெளியேறியது. ஹிஜாப் அணியும் அமெரிக்க வீராங்கனை பில்கிஸ் அப்துல் காதிர் ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டக்காரராக விரும்பினார். இதே விதி வழியை அடைத்தது. துணியால் யாருக்கு என்ன காயம் என்று ஒருவரும் நிறுவவில்லை. ஒரு விளையாட்டு வாழ்வின் சிறந்த ஆண்டுகள் திரும்ப வருவதில்லை என்பதால்தான் எனக்கு இதில் ஆத்திரம் ஆறவில்லை.

2017 அக்டோபர் 1 முதல் தலையணிக்கு அனுமதி உண்டு. முகத்தை மறைக்கக் கூடாது, முகத்தையும் கழுத்தையும் சுற்றித் திறந்து மூடும் பாகம் இருக்கக் கூடாது, எதுவும் துருத்தி நிற்கக் கூடாது. ஆகவே ஹிஜாபைக் குண்டூசியால் குத்தாதீர்கள். தலைவழியாக மாட்டிக்கொள்ளும் விளையாட்டு ஹிஜாப் வாங்குங்கள். பயிற்சியாளர்கள் ஃபிபா விதிகளின் 4.4ஆம் பிரிவை அச்செடுத்து வைத்திருங்கள். உள்ளூர் நடுவர் யாராவது பழைய பழக்கத்தில் ஆட்சேபித்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே அதைக் காட்டிப் பேசுங்கள்.