நவம்பரில் வந்து நிற்கும் நாவல்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் பதிப்பகங்களுக்குப் பிரதிகள் வரத் தொடங்கிவிடும். கூடவே ஒரே மாதிரியான ஒரு கடிதமும் வரும்: "சார், நேற்று ராத்திரிதான் முடிச்சேன். ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துடலாமா?" இந்த ஆண்டும் வந்தது. அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. பிரதிகளைச் செம்மையாக்குகிற எங்களைப் போன்ற எடிட்டர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை இங்கே சொல்லிவிடுகிறேன். நேற்று ராத்திரி நீங்கள் முடித்தது முதல் வரைவு. நாவல் இன்னும் முடியவில்லை.

முதலில் நாள் கணக்கு. 60,000 சொற்கள் உள்ள நாவல் என்று வைத்துக்கொள்வோம். டெமி என்கிற புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில் ஏறக்குறைய 270 பக்கம் வரும். அச்சகம் 16 பக்கத்தை ஒரு ஃபாரமாகக் கணக்கிடும் என்பதால் 17 ஃபாரம், 272 பக்கம். செம்மையாக்க நான்கு வாரம். நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் பதில் எழுத இரண்டு வாரம். லே-அவுட் ஒரு வாரம். இரண்டு முறை புரூஃப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்க, இரண்டு வாரம். அச்சும் பைண்டிங்கும் பத்து நாள், அதுவும் டிசம்பரில் அச்சகத்தில் இடம் கிடைத்தால். மொத்தம் பத்து வாரத்துக்கு மேல் ஆகிறது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை இருப்பதோ ஏழு வாரம். எதைக் குறைப்பார்கள்? அச்சு இயந்திரத்தைக் கெஞ்சி வேகமாக ஓட்ட முடியாது, பசை காய்கிற நேரத்தில் காயும். செம்மையாக்கத்தில்தான் கை வைப்பார்கள். ஒற்றுப்பிழையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். புத்தகம் வெளிவந்த பிறகு, "எடிட்டரே இல்லையா?" என்று விமர்சகர் எழுதுவார். அதையும் எங்களுக்கே பகிர்வீர்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எங்களைச் சோர்வடையச் செய்வது வேறொன்று. "திருத்தினால் உயிர் போயிடும் சார், அப்படியே ஒரு வேகத்துல வந்தது" என்கிற வாதம். கொஞ்சம் நீளமாகவே இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேகத்தில் எழுதும்போது கைக்கு முதலில் வருவது எது? நாம் ஏற்கெனவே எங்கோ படித்த சொற்றொடர். மூளை சோம்பேறி, பக்கத்தில் கிடப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் முதல் வரைவில் இருப்பதில் பாதி உங்களுடையதே அல்ல. ஓர் உதாரணம்: "வறுமையின் கோரப் பிடியில் சிக்கித் தவித்த அவள், கண்ணீர் மல்க, வெறுமையாய்க் கிடந்த அரிசிப் பானையை ஏக்கத்தோடு பார்த்தாள்." இந்த வாக்கியத்தில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு வீடும் இல்லை, பானைகூட இல்லை. இதையே திருத்தி எழுதினால்: "பானைக்குள் உழக்கை விட்டாள். அடியில் உரசியது. இன்னொரு தரம் விட்டாள்." சொற்கள் குறைந்துவிட்டன. அரிசி இல்லை என்று தெரிந்தும் இரண்டாம் தரம் உழக்கை விடுகிறாள் பாருங்கள், அந்த அசைவு முதல் வரைவில் இல்லவே இல்லை. எழுதியவர் பானைக்கு முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் அது கிடைத்தது. உயிர் போவதாகச் சொல்கிறீர்களே, முதல் வரைவில் அது இன்னும் வரவே இல்லை.

உடனே இன்னொரு எதிர்வாதம் வரும். "அந்தக் காலத்துல தொடர்கதை வாராவாரம் எழுதிக் கொடுத்தாங்களே, திருத்தினாங்களா?" கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரத் தொடராக வந்தது உண்மைதான். ஆனால் எழுதியவர் அந்த இதழுக்கே ஆசிரியர். அதற்கு முன் ஆனந்த விகடனிலும் ஆசிரியராக இருந்து, பிறர் எழுத்தை வருஷக்கணக்கில் வெட்டியும் ஒட்டியும் பழகிய கை அது. அந்தக் கை உங்களுக்கு வரட்டும், அப்புறம் பேசலாம். இன்னொரு பக்கம் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே இருக்கிறார். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாக 1958-இல் வெளியான ஒரு பேட்டியில் சொன்னார். எல்லோரும் 39 முறை எழுத வேண்டியதில்லை. மூன்று முறை எழுதினால் போதும் என்கிறோம், அதற்கே இத்தனை கோபம்.

சரி, எப்படித் திருத்துவது? பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ஒற்று, அப்புறம் எழுத்துப்பிழை, அப்புறம் வாக்கியம். இப்படி ஒரு மாதம் உட்கார்ந்து மெருகேற்றிய அத்தியாயத்தைக் கதைக்குத் தேவையில்லை என்று தெரிந்த பிறகும் வெட்ட யாருக்கும் மனசு வராது. வீட்டில் எந்தச் சுவரை இடிக்கப்போகிறோம் என்று தெரியாமல் யாராவது பெயின்ட் அடிப்பார்களா?

எழுதி முடித்த பிரதியை நான்கிலிருந்து ஆறு வாரம் தொடாதீர்கள். சிறுகதை என்றால் பத்து நாள். அந்த இடைவெளியில் வேறு ஏதாவது எழுதுங்கள். பிறகு 12 புள்ளி எழுத்தில், ஒன்றரை வரி இடைவெளியில், தாளில் அச்செடுங்கள். 60,000 சொல்லுக்கு ஏ4 தாள் 240 வரை ஆகும், ஜெராக்ஸ் கடையில் சில நூறு ரூபாய்தான். திரையில் படிக்கும்போது கண் தாவிவிடும், தாளில் அவ்வளவு எளிதாகத் தாவாது. முதல் வாசிப்பில் எதையும் திருத்தக் கூடாது. அலுப்புத் தட்டிய இடத்தில் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி, புரியாத இடத்தில் கேள்விக்குறி, அவ்வளவே. இரண்டு மூன்று நாளில் படித்து முடித்துவிடுங்கள். வாசகரும் அப்படித்தான் படிப்பார்.

அடுத்து ஒரு நோட்டில் காட்சிக்கு ஒரு வரி: எங்கே, எப்போது, யார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. ஒரு நாவலுக்கு 40 முதல் 60 காட்சிகள் தேறும். 'என்ன மாறியிருக்கிறது' என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லாத காட்சிகள் வெளியே. அநேகமாக முதல் இரண்டு அத்தியாயங்கள் இங்கே போய்விடும். விடியல், கோயில் மணி, பால்காரர் சைக்கிள், நாயகனின் தாத்தா வரலாறு. இவையெல்லாம் எழுத்தாளர் தொண்டையைச் செருமிக்கொள்வது. கதை மூன்றாம் அத்தியாயத்தில்தான் ஆரம்பிக்கும். வெட்டியதை அழித்துவிடாதீர்கள், தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். திரும்ப எடுக்க மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனாலும் வெட்டுகிற தைரியம் வரும்.

இரண்டாம் வரைவைப் பழைய கோப்பின்மேல் ஒட்டுப்போடாமல், அச்செடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். கை வலிக்கும். வலிக்கிற கை தேவையில்லாத வாக்கியத்தைத் தானாகவே விட்டுவிடும். மூன்றாம் சுற்றில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். உரையாடலில் உள்ள பொய் காதுக்குத்தான் தெரியும். அதோடு, கணினியில் 'பெருமூச்சு' என்று தேடிப் பாருங்கள். 'ஒரு கணம்', 'மெல்லச் சிரித்தான்', 'ஏனோ' இவற்றையும் தேடுங்கள். வருகிற எண்ணிக்கையைப் பார்த்தால் நீங்களே ஒரு பெருமூச்சு விடுவீர்கள். ஒற்றும் எழுத்தும் இதற்கெல்லாம் பிறகுதான். பிழைதிருத்தும் மென்பொருளை நம்பி விட்டுவிட வேண்டாம். பள்ளி, பல்லி இரண்டும் சரியான சொல், மணமும் மனமும் அப்படியே. எது உங்கள் சொல் என்று அதற்கு எப்படித் தெரியும்?

தகவல் பிழைகளுக்குத் தனிப் பட்டியல் ஒன்று வையுங்கள். பாத்திரத்தின் பெயர், பிறந்த ஆண்டு, சொந்த ஊர், யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் 'அத்தை'யாக இருந்தவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் 'மாமி' ஆகிவிடுகிறார். கொங்குப் பக்கத்துப் பெரியவர் இழவு வீட்டுக்குப் போனதும் நெல்லைத் தமிழ் பேசுகிறார். 1950-இல் நடக்கும் கதையில் ஒருவர் ஐம்பது பைசா நீட்டுகிறார். புதுப் பைசா வந்தது 1957 ஏப்ரலில், அதற்கு முன் எட்டணா. 1969-க்கு முன்னால் மாநிலத்தின் சட்டப்படியான பெயர் 'தமிழ்நாடு' அல்ல, சென்னை மாநிலம். தஞ்சாவூர்க் கதையில் பங்குனியில் சம்பா நடவு நடக்கிறது. ஐயா, சம்பா அறுவடையே தை, மாசியில் முடிந்துவிடும். மார்கழிக் குளிரில் மல்லிகை கொட்டிக் கிடக்கிறது. அந்த மாதத்தில் அதன் விலையைப் பூக்கடையில் கேட்டுப் பாருங்கள். கற்பனைக் கதைதானே என்று சொல்லாதீர்கள், விவசாயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்தோடு உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார்.

படித்துச் சொல்ல மூன்று பேர் வேண்டும். நிறைய நாவல் படிக்கிறவர் ஒருவர், கதை நடக்கும் தொழிலோ ஊரோ தெரிந்தவர் ஒருவர், உங்களிடம் எந்த முகதாட்சண்யமும் இல்லாதவர் ஒருவர். மனைவியையோ கணவரையோ இதில் சேர்க்காதீர்கள், பாவம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீங்க?" என்று கேளுங்கள். மூவரில் இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே கோளாறு உண்டு. அவர்கள் சொல்லும் தீர்வு பெரும்பாலும் தவறாக இருக்கும், அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். முகநூலில் ஓர் அத்தியாயத்துக்கு விழுந்த விருப்பக்குறிகள் இந்தக் கணக்கில் சேராது.

"இதற்கெல்லாம் நேரம் ஏது, வேலைக்குப் போகிறேன்" என்பவர்களுக்கு: நாளுக்கு 300 சொல், வாரத்தில் ஐந்து நாள், நாற்பது வாரத்தில் 60,000. வருஷத்தில் மிச்சம் 12 வாரம் இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலோப் அஞ்சல் துறை அதிகாரி. காலை 5.30-க்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார், எதிரே கடிகாரம், கால் மணிக்கு 250 சொல். 1883-இல் வெளியான தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். எழுத்துப் பட்டறைகளில் இந்த 250-ஐ மட்டும் சொல்வார்கள். உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பழகவேண்டியது அதைத்தான். (அதிகாலையில் எழுப்பிவிடும் பணியாளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். நமக்கு அலாரம் இலவசம்.) எழுந்திருக்கும்போது காட்சியை முடித்துவிட்டு எழாதீர்கள். அடுத்து என்ன என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, ஒரு வரி குறித்து வையுங்கள். மறுநாள் வெறும் பக்கத்தை முறைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

கோப்பு விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறோம். வாட்ஸ்அப்பில் நாவல் எழுதாதீர்கள். கைபேசி தண்ணீரில் விழுந்தது, தொலைந்தது என்று வரும் கடிதங்களுக்கு எங்களிடம் ஆறுதல் சொல் தீர்ந்துவிட்டது. கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வாரம் ஒரு முறை உங்களுக்கே ஒரு மின்னஞ்சல். கோப்பின் பெயரில் வரைவு எண்ணும் தேதியும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'நிஜமான ஃபைனல்' என்று மூன்று வந்தால் எதைச் செம்மையாக்குவது? யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை மாற்றும்போது எழுத்துகள் உடையும், உடைந்ததை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். 'கௌரி'யைக் 'கெளரி' என்று கொம்பும் ளகரமும் போட்டு அடிக்காதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் சிக்காது. நாயகியின் பெயரை நடுவில் மாற்றும் அன்றைக்குப் பாதிக் கௌரிகள் அப்படியே நிற்பார்கள்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. எழுதிய அன்றே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயமில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்தப் பிரதேசம் என்று எழுதாவிட்டால் இந்தியா. 'அனைத்து உரிமைகளும், எக்காலத்துக்கும்' என்ற வரியைப் பார்த்தால் பேனாவை மூடி வையுங்கள். திரைப்படம், மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம் மூன்றும் தனித்தனி. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்கென்று உங்களிடம் தனிக் கட்டணம் கேட்டால், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறதே என்று கேளுங்கள்.

இந்த ஜனவரியை விட்டுவிடுங்கள். இப்போது முடித்த வரைவை மேசை இழுப்பறைக்குள் வையுங்கள், பொங்கலுக்கு அப்புறம் எடுத்தால் போதும். வெயில் காலத்தில் இரண்டாம் வரைவு, ஆனி ஆடியில் மூன்றாவது. ஆகஸ்ட் கடைசியில் அனுப்புங்கள், நிதானமாகப் படிக்கிறோம். அனுப்பும்போது முதல் பக்கத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும், கதைச்சுருக்கம் ஒரு பக்கம், முடிவையும் சேர்த்து. முடிவை மறைத்து "படித்துத் தெரிந்துகொள்ளவும்" என்று போடாதீர்கள்.