சுருக்கம் நீக்க லேசரா? முதலில் உங்கள் தோலின் நிறத்தைப் பாருங்கள்

போன வாரம் வந்த அம்மாவுக்கு 52 வயது. இரண்டு கன்னங்களிலும் செவ்வகம் செவ்வகமாகக் கருமை. கருவியின் முனை பட்ட இடம் அப்படியே பதிந்திருந்தது. "கொலாஜன் (தோலை உறுதியாக வைத்திருக்கும் புரதம்) ஊறும், சுருக்கம் போகும்" என்று சொல்லி ஓர் அழகு நிலையத்தில் ஐபிஎல் எனப்படும், பலமான ஒளியைத் துடிப்புகளாகப் பாய்ச்சும் சிகிச்சை செய்திருக்கிறார்கள். அவர் நல்ல மாநிறம். இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்தவர்களில் அவர் ஆறாவது ஆள். இதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

கூடவே ஒரு பையும் கொண்டுவந்திருந்தார். கொலாஜன் கிரீம், கொலாஜன் சீரம், கொலாஜன் பவுடர். "டாக்டர், இதையெல்லாம் தொடரலாமா?"

அந்த வயதில் இந்தக் கவலை வருவது நியாயம்தான். மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜன் 30 சதவீதம் வரை குறையக்கூடும். கண்ணாடியில் அது தெரியத்தான் செய்யும். ஆனால் குறைந்ததை வெளியிலிருந்து பூசி நிரப்பலாம் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பூசும் கொலாஜன் தோலுக்குள் போகாது. தோலின் மேலடுக்கைத் தாண்டி ஒரு மூலக்கூறு உள்ளே போக வேண்டுமானால் அது சுமார் 500 டால்டனுக்குள் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பொதுக் கணக்கு. முழுக் கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ 3,00,000 டால்டன். சரி, எப்படியோ உள்ளே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பயனில்லை. கொலாஜன் என்பது இழை இழையாகப் பின்னிய நெசவு. அதை நெய்வது தோலின் உள்ளடுக்கில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். தறியின் மேல் நூல்கண்டை வீசினால் துணி வந்துவிடுமா? "பூசினதும் முகம் மெத்தென்று இருக்கிறதே" என்பார்கள். இருக்கும். அது ஈரப்பதம் தரும் மெத்தென்ற தன்மை. எந்த நல்ல மாய்ஸ்சரைசரும் அதைத் தரும்.

பவுடர் வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைந்துவிடும். தோலின் ஈரப்பதம் சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல, தயாரிப்பாளர்களின் பணத்தில் நடந்தவை. நான் தடுக்கவும் மாட்டேன், பரிந்துரைக்கவும் மாட்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஆக, கொலாஜனை உங்கள் செல்களேதான் செய்ய வேண்டும். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் போன்ற மருந்தால் அவற்றைத் தூண்டலாம். இல்லையென்றால் தோலைக் கட்டுப்பாட்டோடு காயப்படுத்தி, அது ஆறும்போது புதுக் கொலாஜன் உருவாக விடலாம். லேசர், நுண்ணூசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங், ரேடியோ அலை, அமிலம் பூசி மேல்தோலை உரிக்கும் பீல் எல்லாமே இந்த இரண்டாவது வகை. நிறம் முக்கியமாவது இங்கேதான். மாநிறத் தோலும் கருந்தோலும் காயத்துக்குக் கருமையைத்தான் பதிலாகக் கொடுக்கும். பரு கிள்ளிய இடம் மாதக்கணக்கில் கறுத்திருப்பதைப் பார்த்ததில்லையா? அதேதான். போதாததற்கு, ஐபிஎல் போன்ற ஒளியின் சூட்டை மேலடுக்கில் இருக்கும், தோலுக்கு நிறம் தரும் மெலனினே உறிஞ்சிக்கொள்கிறது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரை மெலனின் அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை. அதனால்தான் கருந்தோலுக்கு ஒளிக் கருவி தேவை என்றால் நாங்கள் பெரும்பாலும் அதை நாடுகிறோம்.

"என் தோழிக்குச் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லையே!" தோழி வெளுத்த நிறமாக இருந்திருப்பார். தோலை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் தொடங்கியது. வெயிலில் உங்கள் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. சிகிச்சை செய்பவர் இதைக் கேட்காமல் கருவியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. வெளுத்த தோலில் மெல்லிய சுருக்கம் முன்னதாகவே வரும். கருந்தோலில் சுருக்கம் பல ஆண்டுகள் தள்ளித்தான் வரும்; மங்கு எனப்படும் படர்ந்த முகக் கருமையும் கருந்திட்டுகளும்தான் முதலில் வரும். கொலாஜன் கேட்டு வருகிற பலருக்கு உண்மையில் தேவைப்படுவது திட்டுக்கான சிகிச்சை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தினமும் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள வகையை வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் நாலரை ஆண்டுகள் நடந்த ஆய்வில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. ட்ரெட்டினாயினை மருத்துவர் சொன்னால் மட்டும், பட்டாணி அளவு, இரவில் பூசுங்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாது. வீட்டில் ஊசிகள் பதித்த டெர்மாரோலர் உருட்டாதீர்கள், தயவுசெய்து. மேடாக வளரும் கீலாய்டு தழும்பு வரும் உடம்பா, உதட்டோரத்தில் அடிக்கடி நீர்க்கொப்புளம் (ஹெர்பிஸ்) வருமா, முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் பூசுகிறீர்களா? கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். முழு முகத்துக்கு முன்னால் தாடையோரத்தில் சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுருக்கத்தை நிரப்ப ஊசியால் போடும் ஃபில்லருக்குப் பிறகு தோல் வெளிறினால், கடுமையாக வலித்தால், பார்வை மங்கினால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பையில் இருந்த கிரீமையும் சீரத்தையும் நிறுத்திவிட்டு, சன்ஸ்கிரீனும் கருமையைக் குறைக்கும் அசெலாயிக் அமிலமும் எழுதிக் கொடுத்தேன். கருமை மங்க மாதக்கணக்கில் ஆகும் என்றேன். "அதுக்கும் ஒரு லேசர் இருக்காமே டாக்டர்?" என்றார். இப்போதைக்கு அந்தக் கன்னத்தில் எந்தக் கருவியும் படக் கூடாது என்று சொல்லி, இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறு வாரத்தில் மறுபடி வருகிறார்.