ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்: பழைய டீசல் எஸ்யூவி எடுத்தவர்களுக்கு

செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கார்பியோவோ ஃபார்ச்சூனரோ எடுத்த முதல் வாரமே அலாய் வீல், அகல டயர், சீட் கவர், முன்னால் இரும்பு பம்பர் என்று காசு பறக்கிறது. சில மாதம் கழித்து அதே வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே செம்மண் குழம்பு. ஆயில் குச்சியை உருவினால் பால் விட்ட டீ நிறத்தில் ஆயில். இன்ஜினின் மேல்பாதியான ஹெட்டுக்கும் கீழ்பாதியான பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்திருக்கும். சில லிட்டர் கூலண்டோடு (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) முடிந்திருக்க வேண்டிய செலவு இது. இப்படி வரும் வண்டி ஒன்றா இரண்டா? அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

"நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்குண்ணே?" டெல்டாவில் இதைச் சொல்லாத ஓனர் குறைவு. தண்ணீர் உறையாமல் காப்பது கூலண்டின் ஒரு வேலை, அது நமக்கு வேண்டாம்தான். மற்ற இரண்டு வேலைகள் நமக்குக் கட்டாயம் வேண்டும். முதலாவது, கொதிநிலை. ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் சுமார் 1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். சரிபாதி கூலண்ட் கலந்தால் 130 டிகிரி வரை தாங்கும். சித்திரை வெயிலில் ஏசி போட்டு, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது இந்தப் பத்து டிகிரிதான் ஹெட்டைக் காப்பாற்றுகிறது.

இரண்டாவது, அரிப்பு. பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஓடினால் அது பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்து போர்த் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும் இடங்கள் உண்டு. உங்கள் வீட்டுக் குழாய் முனையில் வெள்ளையாகக் கட்டி நிற்கிறதே, அதேதான் விரல் நுழையாத ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. ஆர்.ஓ. கேன் தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் வாங்குங்கள். கூலண்ட் நல்லதென்று அதை மட்டுமே நிரப்பவும் கூடாது. சூட்டைச் சுமந்துபோவதில் தண்ணீர்தான் கெட்டி, அதனால்தான் பாதிப்பாதி.

மாற்றும் முறையிலும் ஒரு தப்பு நடக்கிறது. இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு கீழ் டிரெயினைத் திறந்து வடியுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும்வரை ஓடவிடுங்கள். அப்போதுதான் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்திருக்கும். ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். தப்பு நடப்பது கடைசியில்தான்: தண்ணீர் கலந்தே வரும் ரெடி மிக்ஸை நேராக ஊற்றிவிடுகிறார்கள். பிளாக்கின் உள்ளே வடியாத தண்ணீர் லிட்டர் கணக்கில் நிற்பதால் கலவை நீர்த்துப்போகிறது. மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர் என்று மேனுவல் சொன்னால் முதலில் தண்ணீர் கலக்காத கூலண்டான கான்சன்ட்ரேட்டை 5 லிட்டர் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். காற்றை வெளியேற்றி, மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் மட்டம் பாருங்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது, மேனுவலில் உள்ள வகைதான் கணக்கு.

கூலண்ட் சரியாக இருந்தும் சூடு ஏறினால் முன் கிரில்லைக் கழற்றுங்கள். அறுவடைக் காலத்தில் வயலோரம் ஓடிய வண்டியில் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கருக்காயும் வைக்கோல் தூசியும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும்.

டீசலுக்கு வருவோம். பம்ப்செட்டுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் பேரலில் வைத்திருக்கும் டீசலைத் தயவுசெய்து இந்த வண்டிக்கு ஊற்றாதீர்கள். அதில் தண்ணீர் கலந்திருந்தாலும் பழைய ஆயில் இன்ஜின் குடித்துவிட்டு ஓடும். இந்த வண்டிகளில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜக்டரில் 1,600 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், உங்கள் டயரில் இரண்டரை பார்கூட இல்லை. ஒரு துளி தண்ணீரே பம்ப்பையும் இன்ஜக்டரையும் கெடுக்கப் போதும். வண்டி வாங்கியவுடன் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். தெரிந்தால் ஃபில்டரை மாற்றினால் போதாது, டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டும்.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று முதலில் கேளுங்கள். பழைய 3.0 ஃபார்ச்சூனர், 2.5 இன்னோவா, டஸ்டர் எல்லாம் பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள். டஸ்டரில் வாட்டர் பம்ப்பையும் அந்த பெல்ட்தான் சுற்றுகிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைப்பாலம் இறங்கி ஏறிய வண்டிக்கு கிரவுன் ஆயில் (அச்சின் நடுவே உள்ள கியர் ஹவுசிங்கின் ஆயில்) பார்க்க வேண்டும். சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாக வெளித்தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் சாம்பல் நிறத்தில் இருந்தால் அன்றே மாற்றுங்கள். பேரிங் ஊளையிட ஆரம்பித்த பிறகு ஆயில் மாற்றிப் பயனில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்கள் காயப்போட்ட வைக்கோல் மேல் நிறுத்தவே கூடாது. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்யும்போது புகைக்குழாய்ப் பக்கம் 600 டிகிரி வரை போகும். வைக்கோல் பிடிக்க வேறென்ன வேண்டும்?

இதெல்லாம் முடிந்த பிறகு அழகு பாருங்கள். முன்பக்கம் மாட்டும் இரும்பு பம்பர், அதாவது புல் பார் மட்டும் வேண்டாம், 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் கூடாதென்று சொல்லிவிட்டது. மோதலின் வேகம் ஏர்பேக் சென்சாருக்குச் சரியாகப் போய்ச் சேராது. அந்தக் காசில் அடிப்பக்கம் துருக்காப்புப் பூச்சு அடியுங்கள். ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே வயரிங் போடுங்கள், பழைய பல்பே பிரகாசமாகும்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். ஓடும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஓரங்கட்டுங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், வாய்க்கால் தண்ணீரை மோந்து இன்ஜின் மேல் ஊற்றாதீர்கள். கொஞ்ச நேரத்தில் முள் தானாக இறங்கினாலும் நம்பி ஓட்ட வேண்டாம். தண்ணீர் முழுதும் கொட்டிப்போயிருந்தால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் கீழேதான் காட்டும்.