கவர் வெர்ஷன்: வழிப்பாடல்

ஒருவர் முன்பே பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தம் குரலிலும் தம் வாத்தியங்களிலும் புதிதாகப் பதிவுசெய்தால், அதைக் ‘கவர் வெர்ஷன்’ என்கிறோம். பேச்சில் அது ‘கவர்’ என்றே சுருங்கிவிட்டது. ‘அந்தப் பழைய பாட்டை ஒரு பொண்ணு கவர் பண்ணியிருக்கு, கேட்டீங்களா?’ என்றால் எல்லாருக்கும் புரிகிறது. ரீமிக்ஸ் இதிலிருந்து வேறானது. பழைய ஒலிப்பதிவையே வெட்டி, ஒட்டி, தாளம் சேர்ப்பது ரீமிக்ஸ். கவரில் பழைய பதிவின் ஒரு துணுக்குகூட இருக்க வேண்டியதில்லை. பாட்டு மட்டும்தான் பழையது.

தமிழ் எழுத்தில் ‘கவர்’ என்று எழுதியதும் வேறொரு சிக்கல் வருகிறது. நம்மிடம் ஏற்கெனவே ஒரு ‘கவர்’ இருக்கிறது. மனத்தைக் கவர்வதும் அதுதான், ஆநிரை கவர்வதும் அதுதான். ஈர்த்தல், பறித்தல் என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் வேர் உறவு கிடையாது. ஆனாலும் ஆங்கிலச் சொல்லின் கதையைப் படிக்கும்போது, பறித்தல் என்ற பொருள் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘மூடு, போர்த்து’ என்பது அடிப்படைப் பொருள். பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. இசைக்கு அது வந்து சேர்ந்தது 1940, 50களின் அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தில். எதிர் நிறுவனத்தின் தட்டு ஒன்று விற்பனையாகத் தொடங்கினால், அதே பாட்டைத் தங்கள் பாடகரை வைத்து அவசரமாகப் பதிவுசெய்து கடைக்கு அனுப்புவார்கள். அந்தச் சந்தையில் தங்கள் பங்கையும் காத்துக்கொள்வதே நோக்கம். 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு வழிவிட்டது. ஒரு பாட்டு இசையமைத்தவரின் இசைவோடு ஒருமுறை தட்டாகிவிட்டால், பிரதிக்கு 2 சென்ட் கட்டி யாரும் அதைப் பதிவுசெய்யலாம். பணம் பாட்டை எழுதியவருக்குப் போகும். முதலில் பாடியவருக்கு ஒன்றும் வராது.

நிறவேறுபாடு ஆண்ட அந்தக் காலத்தில் இது யாரைப் பாதித்தது என்பது தெரிந்ததே. 1954இல் தி கார்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞர் குழு ‘ஷ்-பூம்’ பாடியது. அதே ஆண்டு தி க்ரூ-கட்ஸ் என்ற வெள்ளையர் குழு பாடிய பதிவு அமெரிக்க இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பாடகி லாவெர்ன் பேக்கரின் ‘ட்வீடில் டீ’ பாட்டை வெள்ளையரான ஜார்ஜியா கிப்ஸ் பாடியபோது, வாத்திய அமைப்பு உட்படத் தம்முடையதை எடுத்துக்கொண்டார்கள் என்று பேக்கர் 1955இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்கு எழுதி, சட்டத்தைத் திருத்தக் கேட்டார். அவருடைய மனக்குறை நியாயமானது. கவர் என்ற சொல் பிறந்தது இந்தப் போட்டிக்குள்தான். அதில் மரியாதையோ நினைவுகூர்தலோ இல்லை. இன்று நாம் அன்போடு சொல்லும் பொருள் பின்னால் வந்து ஏறியது.

அந்தப் பொருள் மாறியதற்குச் சான்று தேடினால், 1960களின் கராஜ் ராக் பாடல்களைக் கேட்பது நல்லது. வீட்டின் கார் கொட்டகையில் பயிற்சி செய்த பள்ளி, கல்லூரிப் பையன்களின் இசை என்பதால் அந்தப் பெயர். (இலங்கைத் தமிழில் கராஜ் என்றால் வண்டி பழுதுபார்க்கும் இடம், இங்கே அந்தப் பொருள் கொள்ளக் கூடாது.) இந்தக் குழுக்கள் பலவற்றுக்குச் சொந்தப் பாட்டு குறைவு. நடன அரங்குகளில் எல்லாரும் ஒரே பாட்டுகளை வாசித்தார்கள். அதனாலேயே ஒரு பாட்டு கைமாறிக் கைமாறி எப்படி உருமாறுகிறது என்று அங்கே தெளிவாகக் கேட்க முடிகிறது.

‘லூயி லூயி’யை எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலிஸ் பாடகர் ரிச்சர்ட் பெர்ரி 1957இல் வெளியிட்டது. கப்பலேறி ஜமைக்காவுக்குக் காதலியைத் தேடிப் போகிறவன் மதுக்கடைக்காரன் லூயியிடம் புலம்பும் பாட்டு. அதன் அடிநாதமான வாத்தியத் தொடரைப் பெர்ரி ரெனே டூசே வாசித்த ஒரு சா-சா-சா என்னும் கியூப நடன மெட்டிலிருந்து எடுத்தார். முதற்பாடலுக்கு முன்னும் ஒன்று இருக்கிறது! 1961இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரத்துப் பாடகர் ‘ராக்கின் ராபின்’ ராபர்ட்ஸ், தி வெய்லர்ஸ் குழுவோடு இதைப் பதிவுசெய்தார். கிட்டார் தனிவாசிப்பு தொடங்கும் முன் ‘கொடுப்போம் வா, இப்பவே’ என்ற பொருளில் ஒரு கத்தல் அவர் சேர்த்தது.

1963 ஏப்ரலில் ஓரிகான் மாநிலத்துப் போர்ட்லாந்தில் தி கிங்ஸ்மென் குழு பாடியது. பாடகர் ஜாக் ஈலி ராபர்ட்ஸின் பதிவைக் கேட்டுப் பழகியவர். தாளத்தைத் தவறாக நினைவில் வைத்து, 1-2-3-4, 1-2 என்று போக வேண்டியதை 1-2-3, 1-2 என்று குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெர்ரியின் ஒய்யார நடை போய், இடித்து இடித்துப் போகும் நடை வந்தது. உயரத்தில் தொங்கிய மைக்கை நோக்கி அண்ணாந்து கத்தியதில் சொற்கள் குழம்பின. தனிவாசிப்பு முடிந்ததும் ஈலி முந்திக்கொண்டு தொடங்கி, சட்டென நிறுத்துகிறார். டிரம்ஸ்காரர் அந்த இடைவெளியை ஓர் உருட்டலால் நிரப்புகிறார். பின்னால் வந்த சில குழுக்கள் அந்தப் பிழையையும் வேண்டுமென்றே பாடுகின்றன. சொல் புரியாததால் ஆபாசமோ என்று சந்தேகித்து அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. விசாரித்தது, அவர்களாலும் சொற்களைப் பிரித்தறிய முடியவில்லை. அதே மாதம் அதே ஸ்டூடியோவில் பால் ரெவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் குழுவும் இதே பாட்டைப் பதிந்தது. கைதேர்ந்த வாசிப்பு என்றாலும், நின்றது கிங்ஸ்மென் பதிவுதான். எனக்கும் அதுதான் உயிருள்ளதாகப் படுகிறது. 1983இல் கேஎஃப்ஜேசி என்ற கலிஃபோர்னியக் கல்லூரி வானொலி 63 மணி நேரம் இந்த ஒரே பாட்டின் 800க்கும் மேற்பட்ட பதிவுகளை ஒலிபரப்பியது.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘நகல்’ என்பது ஜெராக்ஸ் கடைக்குச் சரி. கிங்ஸ்மென் செய்ததை நகல் என்றால் காதே ஒப்பாது. ‘மீள்பதிவு’ என்றால், அதே பாடகர் தம் பாட்டைத் திரும்பப் பாடுவதையும் குறிக்கும். ‘மறுபாடல்’ பரவாயில்லை. ஆனால் மறுமொழி, மறுப்பு என்ற சாயல் அதில் ஒட்டியிருக்கிறது. ஒரு பாட்டுக்குப் பதிலாக எழுதப்படும் எதிர்பாட்டுக்கே அது பொருந்தும். ‘தழுவல்’ கதைக்கும் நாடகத்துக்கும் பழகிவிட்டது.

நம் இலக்கணக்காரர்கள் நூல்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டு விடையும் சொல்லியிருக்கிறார்கள். நன்னூல், நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கிறது. முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ கூறுவது வழிநூல். பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் செய்யலாம். மரபு அழியக் கூடாது. ராபர்ட்ஸின் கத்தலும் ஈலியின் தாளமும் பின்னோன் வேண்டிய விகற்பங்கள்தாம். ஆகவே என் பரிந்துரை: மூலம் முதற்பாடல், கவர் வழிப்பாடல்.

மூன்றாம் வகைக்கும் பயன் இருக்கிறது. முன்னூல்களில் ஒரு பகுதியை மட்டும் ஒத்து, மற்றதில் வேறுபடுவது சார்பு நூல். ‘குளோரியா’ பாட்டைப் பெல்ஃபாஸ்ட் நகரத்து ‘தெம்’ என்ற குழு 1964இல் வெளியிட்டது. சிகாகோவின் தி ஷேடோஸ் ஆஃப் நைட், வானொலிக்கு உறுத்திய ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாடி 1966இல் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது, அது வழிப்பாடல். 1975இல் பாட்டி ஸ்மித் என்ற அமெரிக்கப் பாடகி தம் சொந்தக் கவிதையில் தொடங்கி, பாட்டின் பல்லவியை இடையில் கொண்டுவந்து சேர்த்தார். அது சார்புப்பாடல். இரண்டையும் ‘கவர்’ என்ற ஒரே பெட்டிக்குள் போடும் ஆங்கிலத்தைவிடத் தமிழ் இங்கே நுட்பமாகப் பிரிக்கிறது. 1950களின் வணிகப் பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘போட்டிப் பதிவு’ என்று தனியாகச் சொல்லிவிடலாம்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வழித்தோன்றல்’ என்பதில் வருவதுபோல இங்கும் ஒற்று மிகும். ‘ப்’ விடுபட்டால் ‘வழிபாடல்’ ஆகி, கோயில் வழிபாட்டுப் பாட்டு என்று படிப்பவர்கள் எண்ணிவிடுவார்கள்.